மினி பொக்லைன் பக்கெட்டைக் கழற்றி மாட்டுவது: பின் வர மாட்டேங்குது, அனுபவஸ்தர்கள் வழி சொல்லுங்க

ஊருணிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கானாடுகாத்தான் பக்கம். நானும் என் மச்சானும் சேர்ந்து பழைய 3 டன் மினி வண்டி ஒண்ணு வாங்கி 4 மாசம் ஆகுது. இதுவரைக்கும் ஊருணிக்கு வர்ற வரத்துக்கால் தூர் எடுத்தோம், சீமைக்கருவை வேர் பறிச்சோம். வண்டியோட வந்த 2 அடி பக்கெட்டே எல்லாத்துக்கும் போதுமா இருந்துச்சு.

இப்போ ஒரு பழைய வளவு வீட்டுல வேலை வந்திருக்கு. பின்கட்டுச் சுவரை ஒட்டி மழைத்தண்ணி வெளியேற 1 அடி அகலத்துல வாய்க்கால் எடுக்கணும். முழங்கால் ஆழத்துக்குக் கீழ செம்புறாங்கல் தட்டுது. 1 அடி பக்கெட் ஒண்ணு வாங்கி வச்சாச்சு. கல் உடைக்கிற பிரேக்கர் வாடகைக்கு எடுக்கலாமான்னும் யோசனை. எதை மாட்டுறதா இருந்தாலும் முதல்ல இருக்கிற பக்கெட் கழறணும். அதுதான் நடக்கல.

பக்கெட்டைப் பிடிச்சு வைக்கிற இரும்பு பின் 2 இருக்கு. ஒண்ணு ஆர்ம்ல (பக்கெட்டைத் தாங்குற கை), ஒண்ணு லிங்க்ல (பக்கெட்டைச் சுருட்டி விரிக்கிற இணைப்பு). லிங்க் பின் லேசா அசையுது. ஆர்ம் பின் அசையவே இல்ல. முந்தாநாள் கொத்தனார்கிட்ட வேலை பாக்குற தம்பி சம்மட்டி எடுத்து நேரா பின் தலையில அடிச்சான். நாலாவது அடியில ஒரு சில்லு தெறிச்சு அவன் கன்னத்துல ஏறிடுச்சு. கண்ணுக்கு ஒரு விரக்கடை கீழ. ரத்தத்தைப் பாத்ததும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு. அத்தோட நிறுத்திட்டேன். இனி சரியாத் தெரிஞ்சுக்காம தொடுறதா இல்ல.


லேத்துப்பட்டறை எழுதியது:

தம்பி, நிறுத்தினீங்க பாருங்க, அது நல்ல காரியம். அந்தப் பையனுக்கு இப்போ எப்படி இருக்கு? டாக்டர்கிட்ட காட்டிச் சில்லு முழுசா எடுத்தாச்சான்னு கேட்டுக்கங்க.

காரைக்குடியில 22 வருசமா லேத் போட்டிருக்கேன். மாசத்துக்கு நாலஞ்சு பேராவது வளைஞ்ச பின்னைத் தூக்கிட்டு வர்றாங்க. சில்லு ஏன் தெறிச்சதுன்னு முதல்ல சொல்றேன். பின்னோட மேல்பரப்பு கடினப்படுத்தின இரும்பு. சம்மட்டி முகமும் அப்படித்தான். ரெண்டு கடின இரும்பும் மோதினா ஏதாவது ஒண்ணு உதிரும். உதிர்ற சில்லு துப்பாக்கிக் குண்டு மாதிரிதான் போகும். நடுவுல மெத்துன உலோகம் ஒண்ணு இருக்கணும். ஒண்ணரை அடி நீளத்துல பித்தளை ராடு ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, பின் விட்டத்தைவிடக் கொஞ்சம் ஒல்லியா. அதைப் பின்மேல வச்சு அதுமேல அடிங்க. ராடைக் கையால பிடிக்க வேண்டாம், நீளப் பிடி இடுக்கியால பிடிங்க. அடிக்கிறவர், பிடிக்கிறவர் ரெண்டு பேருக்கும் கண்ணாடி கட்டாயம். வெயில் கண்ணாடியச் சொல்லல, கிரைண்டிங் வேலைக்குப் போடுவோமே, அது.

மீதியச் சொல்றதுக்கு முன்னாடி 2 கேள்வி. வண்டியில அடிச்சிருக்கிற தகட்டைப் பாத்து மாடல் சொல்லுங்க. இங்க எல்லாரும் பொக்லைன்னு சொல்றோம், ஜேசிபின்னு சொல்றோம், ஹிட்டாச்சின்னு சொல்றோம். மூணுமே கம்பெனிப் பேருதான். பொக்லைன் பிரான்ஸ் கம்பெனி, ஜேசிபி இங்கிலாந்துல 1945-ல ஆரம்பிச்சது. பேரை நம்பி வேற வண்டியோட புத்தகத்தைப் பாத்து வேலை செஞ்சா தப்பாப் போகும். ரெண்டாவது, பின்னை நிறுத்தி வைக்கிற குறுக்கு போல்ட்டைக் கழட்டினீங்களா? அதைக் கழட்டாமலே அடிச்சவங்களப் பாத்திருக்கேன்.


ஊருணிக்கரை எழுதியது:

பையன் நல்லா இருக்கான் அண்ணே. தேவகோட்டையில காட்டி எடுத்தாச்சு, ஒரு தையல் போட்டிருக்காங்க. செலவு நான்தான் பாத்துக்கிட்டேன்.

மாடல் தகடு துருப்பிடிச்சுக் கிடக்கு, தேய்ச்சுப் பாக்குறேன். குறுக்கு போல்ட் 2-ம் கழட்டியாச்சு. ஒவ்வொண்ணுலயும் நட்டு ரெண்டு ரெண்டா இருந்துச்சு.


மண்ணுமலை எழுதியது:

இதுக்கெல்லாம் பித்தளை எதுக்குத் தம்பி. கேஸ் வெல்டிங் ஆளைக் கூப்பிட்டு பக்கெட் காதை, அதான் பின் போற ஓட்டை இருக்கிற தகட்டை, சுத்திச் செவக்கச் சூடு காட்டுங்க. இரும்பு விரிஞ்சா பின் தானா வழுக்கிட்டு வரும். குவாரியில 30 வருசம் ஓட்டியிருக்கேன். இப்படித்தான் எடுத்தோம்.


லேத்துப்பட்டறை எழுதியது:

அண்ணே, உங்க அனுபவத்தை மதிக்கிறேன். ஆனா இதைப் படிச்சுட்டு ஒரு புதுப் பையன் செஞ்சுடக் கூடாதுன்னுதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். பின்னுக்கும் அதைச் சுத்தி இருக்கிற உலோக உறைக்கும், அதான் புஷ்ஷுக்கும், நடுவுல பழைய கிரீஸ் அடைஞ்சு கிடக்கும். கிரீஸ் போற வழி கெட்டியா அடைச்சிருக்கும், ரெண்டு பக்கமும் துரு. அதைச் சூடு பண்ணினா உள்ளே ஆவியும் அழுத்தமும் ஏறும். போக வழியில்லாம ஒரு கட்டத்துல பின்னையே வெளியில தள்ளிடும். 40 மில்லிமீட்டர் தடிமன், 25 சென்டிமீட்டர் நீளம்னா அந்தப் பின் ரெண்டரைக் கிலோ வரும். அது வயித்துக்கு நேரா வந்தா? அப்படி வராட்டியும் உருகின கிரீஸ் தீப்பிடிக்கும், புஷ்ஷோட கடினம் போயிடும், ரப்பர் ஓ-ரிங் கருகிடும். பின் வந்தாலும் வண்டி கெட்டுப்போகும்.


மண்ணுமலை எழுதியது:

எங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா கிரீஸ் பத்திக்கிட்டது ஒரு தடவை நடந்திருக்கு, அதை மறைக்க மாட்டேன். மண்ணைப் போட்டு அணைச்சோம்.


கைவிரல் எழுதியது:

இந்த இழையைப் பாத்ததுக்கப்புறம் எழுதாம இருக்க முடியல. நான் ஆபரேட்டர் இல்ல. 6 வருசம் ஹெல்பரா இருந்தேன்.

திருப்பத்தூர் பக்கம் ஒரு கண்மாய் மடை வேலை. பழைய பக்கெட்டைக் கழட்டி முடிச்சுட்டு புதுசை மாட்டிக்கிட்டிருந்தோம். ஆர்ம் ஓட்டையும் பக்கெட் காது ஓட்டையும் நேர்கோட்டுல வரணும், இல்லாட்டி பின் உள்ளே போகாது. கண்ணால பாத்தா சரியா இருக்கிற மாதிரி இருந்துச்சு. எவ்வளவு வித்தியாசம்னு தடவிப் பாக்க ஆள்காட்டி விரலை ஓட்டைக்குள்ள விட்டேன். வண்டியில இருந்தவர் எனக்கு அண்ணன் முறை. தொழில் தெரிஞ்சவர், குடிக்கிற பழக்கமும் கிடையாது. அவர் எட்டிப் பாத்து ஏதோ கேட்டார். நான் "போதும்"னு கத்தினேன். இஞ்சின் சத்தத்துல அவருக்கு "போடு"ன்னு விழுந்திருக்கு. பூம், அதான் ஆர்மைத் தாங்குற பெரிய கை, ஒரு நூல் அளவுதான் இறங்குச்சு.

மேல்கணு போயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி முழுக்க அவர் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து அழுதார். இன்னைக்கு வரைக்கும் என் கையைப் பாத்துப் பேச மாட்டார். தப்பு அவர்மேல இல்ல. இஞ்சின் ஓடிக்கிட்டிருந்ததுதான் தப்பு. வாய்ச்சொல்லை நம்பினது தப்பு.

ஓட்டைக்குள்ள விரலை மட்டும் விடாதீங்க. நேரா இருக்கான்னு பாக்க ஒரு குச்சி போதும், டார்ச் அடிச்சும் பாக்கலாம்.


ஊருணிக்கரை எழுதியது:

அண்ணே, படிச்சுட்டு மச்சான்கிட்டயும் காட்டினேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசல. நாங்க அதே மாதிரிதான் செஞ்சிருப்போம். நீங்க எழுதினதுக்கு நன்றின்னு சொன்னா அது சின்ன வார்த்தை.


கப்பலேறியவன் எழுதியது:

சிங்கப்பூர்ல 11 வருசம் எக்ஸ்கவேட்டர் ஓட்டிட்டு இப்போ புதுவயல்ல இருக்கேன். கைவிரல் அண்ணன் சொன்னதைக் கேட்டப்போ எங்க பழைய யார்டு சூப்பர்வைசர் வச்சிருந்த ஒரே விதி ஞாபகம் வந்துச்சு. பின்கிட்ட கை வைக்கப்போறவன் சட்டைப் பையிலதான் வண்டிச் சாவி இருக்கணும். ஆபரேட்டர்கிட்ட இருக்கக் கூடாது. கை வைக்கிறவன் தானா வந்து சாவியக் கொடுத்தாத்தான் இஞ்சின் ஓடும். அங்க இருந்த காலத்துல எனக்கு அது பெரிய தொந்தரவாத் தெரிஞ்சுது. ஒரு பக்கெட் மாத்த 8 தடவை, 10 தடவை சாவி கை மாறும். ஆனா "போதும்", "போடு" குழப்பத்துக்கே அதுல இடமில்ல.

நான் கழட்டுற விதத்தைச் சொல்றேன். உங்க வண்டிப் புத்தகம் வேற வரிசை சொன்னா புத்தகத்தைக் கேளுங்க.

இடம் முதல்ல. கெட்டியான சமதரை வேணும். நீங்க வேலை செய்யிற பின்கட்டு ஓரத்துலயோ தோண்டின மண்மேலயோ செய்ய வேண்டாம், தெருவுக்கு வந்துடுங்க. முன்னாடி இருக்கிற பிளேடைத் தரையில இறக்குங்க. பக்கெட்டோட அடித்தகடு முழுசும் தரையில படுக்கணும், பல் வண்டியைப் பாத்து இருக்கட்டும். பல்லுமேல நிக்க வச்சுக் கழட்டினா பின் வெளிய வந்ததும் பக்கெட் சாயும். 3 டன் வண்டிப் பக்கெட்டே ஒரு ஆள் கனம் இருக்கும், அது கால்மேல விழுந்தா எலும்பு நிக்காது. அடித்தகடு படுத்தாலும் பின்பக்க வளைவு தரையில படாம ஆடும். அந்த இடைவெளியில ரெண்டு பக்கமும் மரக்கட்டை அடை கொடுங்க. கருவைக் கட்டையே போதும். செங்கல் வைக்காதீங்க, பளு ஏறினா சொல்லாமக் கொள்ளாம நொறுங்கும்.

அடுத்ததுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. பக்கெட் தரையில இருக்குன்னு பூமை இன்னும் கொஞ்சம் அழுத்திடுவாங்க, "அசையாம இருக்கட்டும்"னு. அப்படி அழுத்தினா முழுப் பளுவும் பின்மேல உக்காரும். பின்ன எப்படி வரும்? பூமைத் தூக்கிப் பிடிச்சாலும் அதே கதைதான், அப்போ பக்கெட்டோட கனம் பின்ல தொங்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு உயரம் இருக்கு. அங்க பின் கைக்கே சுத்தும். உங்க ஆர்ம் பின் அசையாததுக்குப் பாதிக் காரணம் இதுவா இருக்கலாம்.

அந்த உயரத்தைத் தேடுறதுக்கும் ஒரு முறை இருக்கு. எல்லாரும் தள்ளி நிக்கணும், அதுவும் ஆபரேட்டர் கண்ணுக்குத் தெரியிற இடத்துல. ஆபரேட்டர் பூமை ஒரு மயிரிழை நகர்த்துவார். இஞ்சினை நிறுத்துவார். சாவியை ஆன்ல வச்சு, கை லீவர் வேலை செய்யாமப் பூட்டுற லாக் லீவரை இன்னும் போடாம, ரெண்டு கை லீவரையும் நாலு திசையும் ஆட்டுவார். குழாயில தேங்கின அழுத்தம் அப்போதான் இறங்கும். பிறகு லாக் லீவர், பிறகு சாவி வெளிய, சாவி கை மாறும். அதுக்கப்புறம்தான் போய் பின்னைத் திருகிப் பாக்கணும். அசையலையா, திரும்ப முதல்ல இருந்து.

நான் லிங்க் பின்னை முதல்ல எடுப்பேன். அது வந்ததும் லிங்க் தொங்கி ஊஞ்சல் மாதிரி ஆடும், முட்டியில இடிக்கும். அதனால முன்னாடியே ஒரு கயித்தால ஆர்மோட சேத்துக் கட்டிடுவேன். அப்புறம் ஆர்ம் பின். அது வெளிய வந்ததும் ஆட்கள் விலகணும். ஆபரேட்டர் பூமை மெதுவாத் தூக்குவார். பக்கெட் அப்படியே தரையில இருக்கும், ஆர்ம் மட்டும் காதுக்கு நடுவுல இருந்து மேல வரும்.

இன்னொண்ணு. பழைய மினி வண்டிகள் சிலதுல லீவர் முறையை மாத்துற வால்வு இருக்கு. ஒரு முறையில பூம் வலது கையில இருக்கும், மாத்தி வச்சா இடது கைக்குப் போயிடும், ஆர்ம் வலதுக்கு வரும். யாராவது மாத்தி வச்சிருந்து உங்களுக்குத் தெரியாட்டி, மயிரிழை நகர்த்தப்போயி வேற ஒண்ணு நகரும். வெறும் இடத்துல ஒருதடவை எல்லாத்தையும் ஆட்டிப் பாத்துட்டு ஆரம்பிங்க.


மண்ணுமலை எழுதியது:

தம்பி சொல்றது சரிதான், ஆனா நடைமுறைக்கு வருமா? 10 தடவை இஞ்சினை நிறுத்தி ஓட விட்டா அரை நாள் போயிடும். மணிக்கணக்குல வாடகை வாங்குறவன் என்ன செய்வான்?


கப்பலேறியவன் எழுதியது:

அரை நாள் ஆகாது அண்ணே, பழகினா முக்கால் மணி நேரம்தான். முதல் தடவை 2 மணி நேரம் ஆகலாம். அந்த 2 மணி நேரத்தை வீட்டுக்காரர்கிட்ட வெளிப்படையாச் சொல்லிக் கூலியில சேத்துக் கேளுங்க. நம்ம ஊருல யாரும் கேக்குறதே இல்ல.


வளவு வீடு எழுதியது:

ஊருணிக்கரை தம்பி, நான் வண்டி விஷயம் பேச வரவில்லை. பிரேக்கர் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றித்தான்.

என் அம்மா வீட்டுப் பட்டாசாலையைச் சீர் செய்தபோது பக்கத்து மனையில் 2 நாள் பிரேக்கர் ஓடியது. சுவரில் பெரிய விரிசல் எதுவும் அப்போது தெரியவில்லை. மூன்றாம் நாள் சுவரைத் தட்டிப் பார்த்தால் டொம் டொம் என்று சத்தம். உள்ளே சுண்ணாம்புக் காரை கல்லை விட்டுப் பிரிந்துவிட்டது. பல அடுக்காகப் பூசி இழைத்த வழவழப்பான பூச்சு அது. பிரிந்துபோனதை ஒட்ட வைக்கத் தெரிந்த கை இன்று எத்தனை இருக்கிறது? சுவரை ஒட்டி வாய்க்கால் என்கிறீர்கள். தயவுசெய்து 1 அடி பக்கெட்டிலேயே முயலுங்கள். செம்புறாங்கல் ஈரத்தில் ஓரளவு இளகும், முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் கட்டி வைத்தால் பல் இறங்கும் என்று எங்கள் கொத்தனார் செய்து காட்டினார். இறங்காத இடத்தில் கடப்பாரையும் உளியும் போட்டுக் கையால் எடுக்கலாம்.

வண்டியை வீட்டுக்குள் கொண்டுபோகும் வழியில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் பலகை விரித்து அதன்மேல் ஓட்டுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணம் ஊற்றிக் கையால் வார்த்த சிமென்ட் கல் அது. ரப்பர் செயின்தானே என்று திருப்பினீர்களானால் மூலை பெயர்ந்துவிடும்.


ஊருணிக்கரை எழுதியது:

ஆச்சி, நீங்க சொன்னதுக்கப்புறம் பிரேக்கர் யோசனையே விட்டாச்சு. பலகை ஏற்பாடு பண்ணிடுறேன். வீட்டுக்காரங்க வெளியூர்ல இருக்காங்க, அவங்ககிட்டயும் இதைச் சொல்றேன்.


செவிலி எழுதியது:

பிரேக்கர் வேண்டாம் என்று முடிவானது நல்லது. ஆனாலும் இதைப் படிக்கும் வேறு யாராவது பிரேக்கர் மாட்டக்கூடும், அவர்களுக்காக எழுதுகிறேன். பிரேக்கர் என்றால் எண்ணெய்க் குழாயைக் கழற்றி மாட்ட வேண்டும். அதில் 200 பாருக்கு மேல் அழுத்தம் ஓடும். குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால்கூட எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

எங்கள் வார்டுக்கு அப்படி ஒருவர் வந்தார். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். முள் குத்தினதுபோல ஒரு புள்ளிதான், வலியும் அதிகம் இல்லை. துணி சுற்றிக்கொண்டு அன்று முழுதும் வேலை பார்த்திருக்கிறார். மறுநாள் வரும்போது கை முழங்கை வரை வீங்கிக் கறுத்துவிட்டது. எண்ணெய் சதைக்குள்ளே பரவிக்கொண்டே இருக்கும், அறுவை செய்து கழுவி எடுக்காமல் வேறு வழி கிடையாது. மணிக்கணக்கு முக்கியம். அப்படிக் குத்தினால் வலி இருக்கிறதா என்று காத்திருக்காமல் அறுவைச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். "அதிக அழுத்த எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று அந்த வார்த்தையிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். முள் குத்தினது என்று சொன்னால் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள்.

கசிவு பார்க்க வேண்டுமானால் நீளமான அட்டையைப் பிடித்துப் பாருங்கள். கையை வைக்காதீர்கள்.


திருமயம் எழுதியது:

குயிக் கப்ளர் மாட்டிட்டா இந்தப் பின் வேலையே வேண்டாமே? உக்காந்த இடத்துல இருந்தே மாத்திடலாம்னு ஒரு வியாபாரி சொன்னார். யாராவது பயன்படுத்தினீங்களா?


கப்பலேறியவன் எழுதியது:

சிங்கப்பூர்ல நான் ஓட்டின எல்லா வண்டியிலயும் அதுதான். நல்ல பொருள்தான், ஆனா பக்கெட் கப்ளரை விட்டுக் கழண்டு விழுந்து கீழ நின்னவங்க செத்த விபத்துகள் பல நாட்டுல நடந்திருக்கு. பழைய வகையில ஆபரேட்டர் சுவிட்ச் போட்டுப் பிடிக்க வச்சுட்டு, இறங்கி வந்து ஒரு சேஃப்டி பின்னைக் கையால குத்தணும். இறங்கச் சோம்பல்பட்டு அதைக் குத்தாம விட்டதுதான் பெரும்பாலும் காரணம். கப்ளருக்குன்னே ஐஎஸ்ஓ 13031-னு 2016-ல ஒரு தரவிதி வந்திருக்கு. வாங்குறவங்க ஒண்ணை மட்டும் கேளுங்க: முதல் பிடிப்பு போனாலும் பக்கெட் விழாம நிக்க ரெண்டாவது பிடிப்பு இருக்கா? இல்லைன்னா வாங்க வேண்டாம்.

மாட்டினதும் தரையை ஒட்டி வச்சு பக்கெட்டைச் சுருட்டி விரிச்சு, பல்லைத் தரையில ஊணி இழுத்துப் பாக்கணும். அது முடியிற வரைக்கும் பக்கத்துல ஆள் வரக் கூடாது.

ஊருணிக்கரை மாதிரி 2 பக்கெட் வச்சு மாசத்துக்கு ஒருதடவை மாத்துறவருக்குக் கப்ளர் செலவு தேவையில்ல. சாதாரண பின்னே போதும், ஒழுங்கா கிரீஸ் அடிச்சா.


லேத்துப்பட்டறை எழுதியது:

அதையேதான் நானும் சொல்ல வந்தேன். தம்பி, உங்க பின் இறுகினதுக்கு முக்கால்வாசிக் காரணம் முன்னாடி வச்சிருந்தவர் கிரீஸ் அடிக்காததுதான். பக்கெட் பின்னுக்குத் தினமும் கிரீஸ் அடிக்கணும். நம்ம செம்மண் தூசியும் சரளையும் புஷ்ஷுக்குள்ள போனா உப்புத்தாள் மாதிரி அரைக்கும்.

இப்போ செய்ய வேண்டியது இது. பின் ரெண்டு முனையிலயும் துரு இளக்குற எண்ணெய் அடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில திரும்ப அடிங்க. அந்தப் பையன் சம்மட்டியால அடிச்சதுல பின் தலை ஓரம் விரிஞ்சிருக்கும், அது புஷ்ஷுக்குள்ள நுழையவே நுழையாது. அரத்தாலயோ கிரைண்டராலயோ அந்த ஓரத்தைச் சுத்திச் சரிவா எடுத்துடுங்க. கிரைண்டர் போடுறதா இருந்தா முதல்ல கிரீஸையும் அந்த எண்ணெயையும் சுத்தமாத் துடைச்சிடணும், பொறி பட்டா பத்திக்கும். அப்புறம் கப்பலேறியவன் சொன்ன உயரம், அப்புறம் பித்தளை ராடு. அடிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் யாரும் நிக்கக் கூடாது. பின் ஒட்டி ஒட்டி வந்து கடைசியில ஒரேயடியாப் பறக்கும்.

அதுக்கும் வரலைன்னா இன்னும் ஓங்கி அடிக்காதீங்க. எனக்குச் சொல்லுங்க, ஜாக்கி வச்ச புல்லர் ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. இன்னொரு வண்டியக் கொண்டுவந்து அது பக்கெட்டால பின்னைத் தள்ளுறவங்க இருக்காங்க, அதை மட்டும் செய்யாதீங்க. ரெண்டு ஆபரேட்டர், நடுவுல ஒரு ஆள். யோசிச்சுப் பாருங்க.


மண்ணுமலை எழுதியது:

அந்த மாதிரி தள்ளினதும் உண்டு. இப்போ நினைச்சா வயித்தைக் கலக்குது. சூடு வைக்கிற விஷயத்துல நான் இன்னும் முழுசா ஒத்துக்கல, பின்னை வெளிய எடுத்து வச்சுட்டு வெறும் காதைச் சூடாக்கிப் புஷ் மாத்துறதுல தப்பில்லைன்னு நினைக்கிறேன். ஆனா பின் உள்ளே இருக்கும்போது வைக்க வேண்டாம்னு நானே சொல்றேன். தம்பி அதைப் படிச்சுட்டுச் செஞ்சிடாதீங்க.


லேத்துப்பட்டறை எழுதியது:

புஷ் மாத்துறது பட்டறையில செய்யிற தனி வேலை அண்ணே. அதைப் பத்தி நேர்ல பேசலாம், வாங்க.


ஊருணிக்கரை எழுதியது (3 நாள் கழித்து):

பக்கெட் கழண்டுடுச்சு. விவரமாவே எழுதுறேன், அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

ராத்திரி 2 தடவை எண்ணெய் அடிச்சோம். காலையில 6 மணிக்கு வண்டியைத் தேரோடும் தெருவுக்குக் கொண்டுவந்தோம், அங்கதான் தரை கெட்டியா இருக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்றதுக்குள்ள முடிக்கணும்னு அந்த நேரம். வேடிக்கை பாக்க நாலு பேர் வந்தாங்க, கயிறு கட்டி நிறுத்திட்டோம். லீவர் முறையை ஆட்டிப் பாத்தோம், வழக்கமான முறைதான்.

சாவி என் சட்டைப் பையில. மச்சான் வண்டியில. முதல்ல அவருக்குச் சிரிப்பா இருந்துச்சு, "என்னைய நம்பலையா"ன்னு கேட்டார். கைவிரல் அண்ணன் எழுதினதை ஞாபகப்படுத்தினேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அவரே இறங்கி வந்து சாவியக் கையில வச்சுட்டுப் போனார்.

லிங்க் பின் மூணு அடியில வந்துடுச்சு. ஆர்ம் பின்னுக்கு உயரம் தேடத்தான் நேரம் ஆச்சு. 7 தடவை. ஏழாவது தடவை பைப் ரெஞ்ச் போட்டுத் திருகினப்போ கால்வாசி சுத்துச்சு. அந்தச் சந்தோஷத்தை எழுதத் தெரியல. தலை ஓரத்தை ஏற்கெனவே அரத்தால எடுத்திருந்தோம். பித்தளை ராடு வச்சு அடிச்சதுல 20 அடிக்குள்ள பாதி வெளிய. கடைசியில நீங்க சொன்ன மாதிரியே பறந்துச்சு, எதிர்ப்பக்கம் வச்சிருந்த மண் மூட்டையில போய்க் குத்திக்கிச்சு. மொத்தம் 1 மணி 50 நிமிஷம். ஒருத்தர் கையிலயும் ஒரு கீறல் இல்ல.

பின்னைத் தரையில உருட்டிப் பாத்தேன், நடுவுல வளைஞ்சிருக்கு. ஒரு பக்கம் நகம் மாட்டுற அளவுக்குத் தேய்மானம். ஆர்முக்கும் பக்கெட் காதுக்கும் நடுவுல வளையத் தகடு ஒரு பக்கம் 1, இன்னொரு பக்கம் 2 இருந்துச்சு. எந்தப் பக்கம் எத்தனைன்னு சாக்பீஸ்ல ஆர்ம்லயே எழுதி வச்சிருக்கேன்.


லேத்துப்பட்டறை எழுதியது:

மனசு நிறைஞ்சுபோச்சு தம்பி. அந்த வளைஞ்ச பின்னைத் திரும்பப் போடாதீங்க, நிமித்தவும் வேண்டாம். புதுசு கடைஞ்சு தர்றேன். சாதா இரும்புல கடைஞ்சா ஒரே மாசத்துல இதே மாதிரி வளையும். ஈஎன் 24-ங்கிற கெட்டியான எஃகுல கடைஞ்சு மேல்பரப்பைக் கடினப்படுத்தணும், 2 நாள் ஆகும். முனையில மரை வெட்டி விடுறேன், அடுத்த தடவை போல்ட்டு போட்டு இழுத்துக்கலாம், சம்மட்டியே வேண்டாம்.

மாட்டும்போது அந்தக் குறுக்கு போல்ட்டுல ரெண்டு நட்டையும் ஒண்ணோட ஒண்ணு இறுக்கினாப் போதும். காதோட சேத்து இறுக்கக் கூடாது, போல்ட்டு லேசா ஆடணும். இறுக்கினா ஒடிஞ்சுடும்.


கைவிரல் எழுதியது:

மாட்டும்போது குச்சி வச்சுப் பாருங்க தம்பி. கழட்டினதைவிட மாட்டுறப்போதான் கை உள்ளே போகும்.


ஊருணிக்கரை எழுதியது:

குச்சி ஒண்ணு செதுக்கியாச்சு அண்ணே, வேப்பங்குச்சி. வண்டியிலேயே கட்டித் தொங்க விட்டிருக்கேன்.

பட்டறை அண்ணே, பின் நாளைக்குக் கொண்டுவர்றேன். ஓ-ரிங் 4-ம் வெடிச்சுப்போய் இருக்கு. காரைக்குடியில எங்க கிடைக்கும்? அளவு எப்படிச் சொல்லி வாங்கணும்?


லேத்துப்பட்டறை எழுதியது:

அளவெல்லாம் சொல்ல வேண்டாம். பழசைத் துண்டு துண்டா இருந்தாலும் பொறுக்கி ஒரு காகிதத்துல மடிச்சுக் கொண்டுவாங்க. அந்த 1 அடி பக்கெட்டையும் ஏத்திட்டு வாங்க, காது ஓட்டை அளவு பாத்துட்டுத்தான் பின் கடையணும்.